கூவி விற்றோரும் குறித்து வைத்தோரும்: நகரத் தெருக்களின் உணவு வணிகரும் அவர்களைப் பற்றிய பதிவேடுகளும்

தெருவில் நடந்து உணவு விற்றவர் தம்மைப் பற்றி எழுதிவைத்துச் சென்ற ஏடுகள் மிகக் குறைவு. அவர் கணக்கை மனத்தில் வைத்தார். நாள் முடிந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்தார். அவரைப் பற்றி நாம் இன்று அறிவன பெரும்பாலும் பிறர் எழுதிவைத்தவை: நகராட்சியின் உரிமப் பதிவேடு, சுகாதார அதிகாரியின் அறிக்கை, விசாரணைக் குழுவின் பரிந்துரை, நீதிமன்றத்தின் அபராதக் குறிப்பு. ஆகவே நடமாடும் உணவு வணிகரின் வரலாறு ஒரு வகையில் அவரைக் குறித்து வைத்த ஏட்டின் வரலாறே ஆகும்.

இவ்வுரையில் சிங்கப்பூரை முதன்மைச் சான்றாகவும் இந்தியப் பெருநகரங்களை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொண்டு, அந்த ஏட்டைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புவோம். அதனை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? எந்த மொழியில் எழுதினார்? மூன்றாவது வினாவே மொழி பயில்வோராகிய நமக்கு மிக நெருக்கமானது. எனினும் முதலிரண்டுக்கும் விடை தெரிந்தாலன்றி மூன்றாவதன் முக்கியத்துவம் விளங்காது.

சொல்லும் தொழிலும்

உணவைச் சமைத்துப் பொதுவிடத்தில் விற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. அப்பம் சுட்டு விற்பவரைக் ‘கூவியர்’ என்றும் பிட்டு விற்பவரைக் ‘காழியர்’ என்றும் சிலப்பதிகாரம் பெயரிட்டுச் சுட்டுகிறது. பகற்கடை ‘நாளங்காடி’ எனவும் இரவுக்கடை ‘அல்லங்காடி’ எனவும் வழங்கின. விற்கும் பொருளுக்கும் விற்கும் பொழுதுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது என்பதைக் கருத்தில் கொள்வோம். பின்னாளில் நகராட்சிகள் வணிகரை வகைப்படுத்த முனைந்தபோதும் இவ்விரண்டு அளவுகோல்களையே கையாண்டன: என்ன விற்கிறார், எப்பொழுது, எங்கே விற்கிறார்.

மலாய் மொழியில் தெருவணிகர் ‘பெஞ்சாஜா’ எனப்படுவார். இந்தோனேசியாவில் அவரைக் ‘காக்கி லீமா’ வணிகர் என்பர். அத்தொடரின் நேர்ப்பொருள் ஐந்தடி. கடைவீட்டின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையை நம் முன்னோர் ‘அஞ்சடி’ என்றே அழைத்தனர். மலாய் மொழியில் வழங்கும் ‘புட்டு’, ‘ஆப்பம்’ ஆகிய உணவுப்பெயர்கள் தமிழ் வணிகர் இங்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த உணவுகளின் தடயங்கள். நாம் இடியாப்பம் என்பதை மலாய்க்காரர் ‘புட்டு மாயம்’ என்கின்றனர். தெருவணிகர் உணவை மட்டுமன்றிச் சொல்லையும் சுமந்து திரிந்தார் என்பதற்கு இவை சான்று.

சிங்கப்பூர்த் தமிழில் ‘அங்காடி வியாபாரி’ என்ற தொடர் தெருவில் திரிந்து விற்றவரைக் குறித்தது. இன்று ‘உணவங்காடி நிலையம்’ என்னும்போது நம் மனத்தில் எழுவது கூரையும் குழாய்நீரும் மேசையும் உள்ள ஒரு கட்டடம். அலைந்தவரைக் குறித்த சொல், அமர்ந்த இடத்தின் பெயராயிற்று. இப்பொருள் மாற்றத்தின் பின்னணியில் ஏறத்தாழ எண்பதாண்டு காலப் பதிவேட்டு வரலாறு உண்டு.

முதல் ஏடு: தொல்லையும் தொற்றும்

குடியேற்ற ஆட்சிக்காலச் சிங்கப்பூரில் தெருவணிகர் நகரின் அன்றாடத் தேவையாக விளங்கினர். துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷா இழுப்போரும் நெருக்கமான விடுதிகளில் குடியிருந்தனர். சமைப்பதற்கு அடுப்போ இடமோ இல்லாதவருக்கு மலிவான உணவைக் கொண்டு சேர்த்தவர் தெருவணிகரே. சீனர் தோளில் தடி தாங்கி இருபுறமும் அடுப்பும் பாத்திரமும் தொங்க நடந்தனர். மூங்கில் துண்டுகளைத் தட்டி எழுப்பிய ஒலியால் ஒரு நூடல்ஸ் வகைக்கே ‘டொக் டொக் மீ’ எனப் பெயர் வந்தது. தமிழர் கடலையையும் பயறு வகைகளையும் தட்டில் பரப்பித் தலையில் வைத்து விற்றனர். ‘கச்சாங் பூத்தே’ எனப் பெயர் பெற்ற அக்கடலை, பழைய புத்தகத் தாள்களைச் சுருட்டிய கூம்புகளில் வழங்கப்பட்டது.

நகராட்சி இவர்களை வேறு கண்ணால் பார்த்தது. தெருவை அடைப்பவர், கழிவைக் கால்வாயில் கொட்டுபவர், வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவக் காரணமானவர் என்பதே அதிகாரிகளின் கணிப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு வாளி நீரில் நாள் முழுதும் கிண்ணங்களைக் கழுவினால் நோய் பரவவே செய்யும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இரவு நேரத் தெருக்கடைகள் பதிவுக்கு உட்படுத்தப்பட்டன. 1919ஆம் ஆண்டு நடமாடும் வணிகர்க்கும் உரிமம் கட்டாயமாயிற்று.

கடைக்கு முகவரி உண்டு, நடப்பவருக்கு இல்லை. நிற்கும் கடையை ஏட்டில் எழுதுவது எளிது. இன்று ஒரு சந்திலும் நாளை வேறொரு சந்திலும் நிற்பவரை எந்தத் தெருவின் கீழ் எழுதுவது? எனவே பதிவேடு இடத்தை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. பெயரும் உரிம எண்ணும் அவருடைய அடையாளமாயின. உரிமம் உள்ளவர் காட்டித் தப்பினார். இல்லாதவர் அதிகாரியின் தலை தெரிந்ததும் ஓடினார். உரிமம் பெற்றவரினும் பெறாதவர் பலராக இருந்த காலத்தில், ஏட்டில் இருந்த நகரம் வேறு, தெருவில் இருந்த நகரம் வேறு.

இவ்விடைவெளியை ஆராய 1931இல் ஒரு குழு அமைந்தது. போருக்குப் பின் வேலையின்மை மிகுந்து தெருவணிகர் தொகை பெருகவே, 1950இல் ஆளுநர் ஃபிராங்க்ளின் கிம்சன் மீண்டும் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் சில்காக் அதன் தலைவர். தெருவணிகரை அகற்றப்பட வேண்டிய பொதுத்தொல்லையாகவே காணும் மனப்போக்கு அதிகாரிகளிடம் உள்ளது என்பதை அக்குழுவின் அறிக்கை வெளிப்படையாகச் சுட்டியது. அவர்கள் ஆற்றும் பொருளியல் பணியையும் அது எடுத்துரைத்தது. குற்றப்பட்டியலாக இருந்த ஏட்டினுள் தொழில் என்னும் கருத்து நுழைந்ததன் அறிகுறியாக இதனைக் கொள்ளலாம்.

எண்ணப்பட்டவர் இடம் பெற்றனர்

விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் தெருவணிகரைப் பதிவு செய்தது. சுமார் 18,000 பேர் பதிவாயினர். அவர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கி, முதன்மைத் தெருக்களிலிருந்து பக்கச் சந்துகளுக்கும் வாகன நிறுத்திடங்களுக்கும் வெற்று நிலங்களுக்கும் மாற்றினர். 1970களின் தொடக்கத்திலிருந்து உணவங்காடி நிலையங்கள் எழுந்தன. 1986ஆம் ஆண்டளவில் தெருவணிகரைக் குடியமர்த்தும் பணி நிறைவுற்றது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடைபெற்ற சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைப் பணியில் மட்டும் ஏறத்தாழ 5,000 தெருவணிகர் இடம் மாற்றப்பட்டனர்.

முந்திய அரைநூற்றாண்டில் பதிவேடு வணிகரிடம் எதையோ கேட்டது: பெயரை, கட்டணத்தை, கீழ்ப்படிதலை. 1968ஆம் ஆண்டின் பதிவேடு கேட்டதோடு நில்லாது கொடுக்கவும் செய்தது. எத்தனை பேர், எங்கே, என்ன விற்கின்றனர் என்ற கணக்கு இருந்தமையால்தான் எத்தனை கடைகள், எவ்வட்டாரத்தில் கட்டவேண்டும் என்று திட்டமிட முடிந்தது. விரட்டுவதற்குப் பயன்பட்ட ஏடு குடியமர்த்துவதற்குப் பயன்பட்டது. அதனால்தான் வணிகர் அதனை ஏற்றனர்.

இதற்கு விலையும் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்த உணவு மறைந்தது. மூங்கில் ஒலியும் தலைச்சுமைக் கடலையும் மறைந்தன. அலைவதையே இயல்பாகக் கொண்ட தொழில் அமர்ந்தபோது, அதன் சொற்களில் பலவும் அதனோடு சென்றன. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் தொல்லை என்று எழுதப்பட்டது, பின்னொரு காலத்தில் மரபு என்று எழுதப்பட்டது. இரண்டுமே பதிவுகள்தாம்.

ஏடு ஏன் வேண்டும்?

பதிவு என்பது வெறும் அலுவலகத் தொந்தரவு என்று எண்ணுவோர் 2009ஆம் ஆண்டு ஏப்ரலை நினைவுகூர வேண்டும். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இருந்த கடையொன்றில் ரோஜாக் உண்டவர்களில் 154 பேர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். கடலுணவில் காணப்படும் ஒருவகைக் கிருமியே காரணம் எனக் கண்டறியப்பட்டது. சமைக்காத கடலுணவின் கிருமி சமைத்த உணவுக்குப் பரவியது என்பது புலனாய்வின் முடிவு.

இத்தகைய நேரத்தில் அதிகாரிகள் எழுப்பும் வினாக்கள் எளியவை. நோயுற்றோர் பொதுவாக உண்டது எது? எந்நாளில் சமைத்தது? மீனும் இறாலும் எவரிடம் வாங்கியவை? அதே சரக்கு வேறு எக்கடைக்குச் சென்றது? விடை ஏட்டில் இருப்பின் சில மணி நேரத்தில் அடுத்த கடையின் விற்பனையை நிறுத்தலாம். விடை நினைவில் மட்டும் இருப்பின் நாள்கள் கழியும், நோய் பரவும். குற்றமற்ற வணிகரைக் காப்பதும் அந்த ஏடுதான். தம் சரக்கு வேறோரிடத்திலிருந்து வந்தது என்று சொல்லுதல் ஒன்று, சான்று காட்டுதல் வேறு.

சிங்கப்பூரில் 1987இல் குற்றப்புள்ளி முறையும், 1997இல் கடைகளுக்குத் தர எழுத்து வழங்கும் முறையும் வந்தன. இவை அதிகாரி எழுதும் ஏடுகள். மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள், உணவைக் கையாள்வோர் பயிற்சியும் குடற்காய்ச்சல் தடுப்பூசியும் பெற்றிருத்தலைக் கட்டாயமாக்கின. அவற்றுக்குச் சான்றிதழும் அட்டையும் வணிகரே பேணவேண்டியவை. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு வந்த வழியைப் பின்சென்று அறிய உதவும் பதிவுகளை உணவுத் தொழிலில் உள்ளோர் வைத்திருக்க வகை செய்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் வணிகரைப் பற்றிப் பிறர் எழுதினர். இனி வணிகர் தாமே எழுத வேண்டியவராகிறார். எழுதும் கை மாறும்போது மொழி பற்றிய வினா முன்னே வருகிறது. அதற்குச் செல்லுமுன், பதிவின் மதிப்பைச் சட்டத்திலேயே பொறித்த இந்திய நகரங்களைச் சற்று நோக்குவோம்.

இந்திய நகரங்களின் பட்டறிவு

தெருவில் வணிகம் செய்வதும் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு காக்கும் தொழில் உரிமையுள் அடங்கும், ஆயின் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2014இல் தெருவணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வணிகரைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தோர்க்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். இக்கணக்கெடுப்பும் சான்றிதழ் வழங்கலும் முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நிலையாக ஓரிடத்தில் விற்பவரையும் நடமாடி விற்பவரையும் அச்சட்டம் தனித்தனி வகையாக ஏற்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேரேனும் வணிகராக இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது.

ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் வாழ்வில் என்ன வேறுபாட்டை விளைவிக்கும் என்பது 2020இல் தெரிந்தது. பெருந்தொற்றால் தெருக்கள் அடைபட்டபின், தெருவணிகர்க்கு முதற்கட்டமாக ₹10,000 வரை கடன் வழங்கும் திட்டத்தை இந்திய அரசு அறிவித்தது. சான்றிதழோ அடையாள அட்டையோ வைத்திருந்தவர் அதனைக் காட்டி விண்ணப்பித்தனர். கணக்கெடுப்பில் விடுபட்டவர் தாம் தெருவணிகரே என்பதற்குப் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் ஒரே மூலையில் இட்லி விற்றவரும் தம் இருப்பை மெய்ப்பிக்க மற்றொருவரின் கடிதத்தை நாடவேண்டிய நிலை அது.

சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டுப் பதிவும் இந்தியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டமும் வெவ்வேறு சூழலில் பிறந்தவை. ஒன்று தெருவை ஒழித்துக் கட்டடம் தந்தது. மற்றொன்று தெருவிலேயே இடம் தர முற்பட்டது. எனினும் இரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. வணிகருக்குத் திருப்பித் தரும் ஏட்டை வணிகர் மதிப்பர். பறிக்க மட்டும் வரும் ஏட்டிடமிருந்து ஓடுவர்.

எம்மொழியில் எழுதுவது?

ஆங்கிலத்தில் உரிமத்தைக் குறிக்கும் சொல், ‘அனுமதிக்கப்படுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. மலாய் மொழி அதனையே ‘லெசென்’ எனக் கடன் பெற்றது. பேச்சுத் தமிழும் ‘லைசென்சு’ என்கிறது. எழுத்துத் தமிழ் தானே ஆக்கிக்கொண்ட ‘உரிமம்’ உரிமை என்ற சொல்லை அடியாகக் கொண்டது. அனுமதி தருபவரால் திரும்பப் பெறப்படும். உரிமை உடையவரைச் சார்ந்தது. ஒரே தாளை இரு மொழிகள் இரு கோணத்தில் பார்க்கின்றன. சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனை எண்ணித்தான் செய்தனரோ இல்லையோ, சொல் தன் பொருளைச் சுமந்தே நிற்கிறது.

பெயர்களைப் பார்ப்போம். பழனி என்ற பெயரில் உள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தர் லகரமாக எழுதுவார். இன்னொருவர் இரண்டெழுத்தைக் கூட்டி எழுதுவார். உச்சரிப்பைக் கேட்டெழுதுபவர் யகரமாகவும் எழுதக்கூடும். தந்தை பெயரை முன்னெழுத்தாக இடுவதா, ‘மகன்’ என்ற குறியீட்டுடன் பின்னே இடுவதா என்பதும் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். ஆளையே அடையாளமாகக் கொண்ட பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் ஒருவர் இருவராவார். அன்றி ஒருவருமே இல்லாதவராவார்.

இடப்பெயருக்கும் இது பொருந்தும். தமிழர் நன்கறிந்த தேக்காச் சந்தை 1982இல் புதிய கட்டடம் பெற்றபோது, மூங்கிலடி என்னும் பொருளுள்ள அப்பழைய ஹொக்கியன் பெயரை மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூஜியாவ்’ என எழுதினர். பலகையில் ஒரு பெயர், மக்கள் வாயில் மற்றொரு பெயர். 2000ஆம் ஆண்டு ‘தேக்கா’ என்ற பெயரே மீண்டும் அதிகாரப் பெயராயிற்று. மக்கள் வழங்காத சொல்லை ஏட்டில் எழுதினால் இறுதியில் ஏடுதான் திருத்தப்பட வேண்டியிருக்கும்.

இனி வணிகரே எழுத வேண்டிய பதிவுக்கு வருவோம். வாங்கிய நாள், விற்றவர் பெயர், பொருளின் நிலை, குளிர்பெட்டியின் வெப்பநிலை, துப்புரவு செய்த நேரம் என்பன அதில் வரும். அப்படிவம் வணிகருக்குப் புரியாத மொழியில் இருந்தால் என்ன நிகழும்? மாதக் கடைசியில் மகனோ மகளோ உட்கார்ந்து முப்பது நாளுக்கும் ஒரே மையில், ஒரே மூச்சில் நிரப்புவர். அது பதிவன்று, பதிவின் போலி. நோய் பரவும் நாளில் அது எவரையும் காக்காது.

தமிழில் அச்சிட்டுவிட்டால் மட்டும் போதுமா? ‘குறுக்குத் தொற்றைத் தவிர்க்கவும்’ என்பது தமிழ் எழுத்தில் இருப்பினும் அடுக்களைத் தமிழன்று. ‘பச்சை மீன் வெட்டிய பலகையில் வெந்ததை வைக்காதீர்கள்’ என்பது தமிழ். ‘மூலத் தடமறிதல் விவரம்’ என்று தலைப்பிடுவதினும் ‘யாரிடம், என்று வாங்கினீர்கள்?’ என்று கேட்பது மேல். 2009இல் நேர்ந்த இழப்பின் காரணத்தை மீண்டும் நோக்கினால், அந்த முதல் வாக்கியத்தை விளங்கும்படி சொல்லுவதன் மதிப்பு புரியும்.

மேலும், படிவத்தில் ‘கெட்டுப்போனது’ என ஒரே கட்டம் இருக்கும். வணிகரின் மொழியிலோ அதற்குப் பல சொற்கள். குழம்பு ஊசும், காய்கறி அழுகும், ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கும், கடலையும் எண்ணெயும் காறும், மாவு புளிக்கும். இவற்றுள் மாவு புளித்தல் ஓரளவு வரை வேண்டப்படுவது, மற்றவை வேண்டப்படாதவை. ஒவ்வொரு சொல்லும் ஒருவகைக் கெடுதலையும் அதன் அறிகுறியையும் தன்னுள் வைத்திருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சமைத்தவர் கண்டறிந்த அறிவு அது. அதனை ஒரு கட்டத்துள் சுருக்கும் படிவம் எளிமையானது போலத் தோன்றினும் உண்மையில் செய்தியை இழக்கிறது.

நம் முன்னுள்ள பணி

ஒழுங்குமுறை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பல இலட்சம் மக்கள் பிறர் சமைத்ததை நாள்தோறும் உண்ணும் நகரில் பதிவின்றிப் பாதுகாப்பில்லை. ஆயின் பதிவு மூன்று தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பதை மேலே கண்ட வரலாறு காட்டுகிறது. அது வணிகரிடம் பெறுவதற்கு ஈடாக அவருக்கு ஒரு பாதுகாப்பைத் தரவேண்டும். நாளின் நெருக்கடிக்கிடையே ஈரக் கையைத் துடைத்துவிட்டு எழுதக்கூடிய அளவுக்குச் சுருக்கமாக இருக்கவேண்டும். அவர் பேசும் சொற்களில் அமையவேண்டும். இவற்றுள் முதலிரண்டும் ஆட்சியாளர் பொறுப்பு. மூன்றாவது மொழியறிந்தோர் பொறுப்பு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். மாணவர் குழுவொன்று அருகிலுள்ள உணவங்காடி நிலையத்துக்குச் சென்று, மூத்த வணிகர் ஒருவரின் ஒப்புதலோடு அவர் தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டட்டும்: பாத்திரத்தின் பெயர், பதத்தின் பெயர், கெடுதலின் பெயர், அளவின் பெயர். பின்னர் அச்சொற்களைக் கொண்டே ஒரு பக்க நாட்பதிவுப் படிவம் ஒன்றை வகுக்கட்டும். அதனை மீண்டும் அவரிடமே கொடுத்து ஒரு வாரம் எழுதிப் பார்க்கச் சொல்லட்டும். எந்தக் கட்டம் வெறுமையாகத் திரும்பி வருகிறதோ அங்கே நம் சொல் தவறியிருக்கிறது என்று கொள்ளலாம். சொல்லகராதியும் பொருளியலும் சுகாதாரமும் ஒருங்கே பயிலும் பாடமாக அது அமையும்.

கூவி விற்றவரைப் பற்றி நூறாண்டுகளாகப் பிறரே எழுதி வந்தனர். அவர் கையிலேயே இப்பொழுது எழுதுகோல் தரப்படுகிறது. அவர் எழுதும் முதல் வரி அவருக்கே விளங்கும் மொழியில் இருக்கட்டும்.